வேலையிடத்தில் மரியாதையும் கனிவும்: முன்னேற நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலையில் உயர்வதற்குத் திறமை போதும், மற்றதெல்லாம் மேல்பூச்சு என்று நினைக்கிறவர்கள் நிறைய பேர். நான் அப்படி நினைக்கவில்லை. திறமையே இல்லாமல் நல்ல குணத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் வெகுதூரம் போக முடியாது, அது உண்மைதான். ஆனால் கிட்டத்தட்ட ஒரே திறமை உள்ள பலர் ஒரே இடத்தில் வேலை செய்யும்போது, அடுத்த பெரிய பொறுப்பை யாரிடம் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தால், "அவரோட சேர்ந்து வேலை செய்ய முடியுமா?" என்ற கேள்விதான் சீக்கிரம் வந்து நிற்கும். அதற்குப் பதில் சொல்லப்போவது உங்களோடு தினமும் பழகுகிறவர்கள், அதுவும் நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில்.

மரியாதை என்று நான் இங்கே சொல்வது வார்த்தைக்கு வார்த்தை சார் போடுவதை இல்லை. அடுத்தவருடைய நேரம், உழைப்பு, மானம் மூன்றையும் வீணடிக்காமல் நடந்துகொள்வது, அவ்வளவுதான். கனிவு அதற்குக் கொஞ்சம் மேலே, ஒருவர் வாய்விட்டுக் கேட்கும் முன்பே கை கொடுப்பது. இரண்டும் பழக்கத்தில் வருபவை. அதனால்தான் படிப்படியாக எழுத முடிகிறது.

இது இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கிறிஸ்டின் போரத், கிறிஸ்டின் பியர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 17 துறைகளைச் சேர்ந்த 800 மேலாளர்களிடமும் ஊழியர்களிடமும் கேட்டு 2013-ல் எழுதினார்கள். மரியாதைக்குறைவாக நடத்தப்பட்டவர்களில் 48% பேர் வேண்டுமென்றே உழைப்பைக் குறைத்துக்கொண்டார்கள். 38% பேர் வேலையின் தரத்தையே குறைத்தார்கள், 80% பேர் நடந்ததை நினைத்து நினைத்து வேலை நேரத்தை இழந்தார்கள், 12% பேர் அதனாலேயே வேலையை விட்டுப் போனார்கள். 25% பேர் அந்த எரிச்சலை வாடிக்கையாளர் மேல் காட்டியதாக ஒப்புக்கொண்டார்கள்.

இதில் அந்த 48%-ஐக் கவனியுங்கள். கூட்டத்தில் நாலு பேர் முன்னால் ஒருவரை மட்டம் தட்டினால் அவர் எதிர்த்துப் பேசப்போவதில்லை, "சரி" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், ஆனால் அன்றிலிருந்து உங்கள் வேலைக்கு அவர் காட்டும் அக்கறை குறைந்துவிடும், உங்கள் வேலை ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்பது கடைசி வரை உங்களுக்குத் தெரியாது.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுவோம்

"நல்லவனா இருந்தா தலையில மிளகாய் அரைப்பாங்க" என்ற பயம் பலருக்கு உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. டிமோதி ஜட்ஜும் கூட்டாளிகளும் 2012-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், எதற்கும் ஒத்துப்போகிற குணம் குறைவாக உள்ள ஆண்கள் மற்ற ஆண்களைவிடச் சுமார் 18% அதிகம் சம்பாதித்தது தெரிந்தது. பெண்களிடம் அந்த வித்தியாசம் சுமார் 5%.

சரி, அப்போது முரட்டுத்தனம்தான் லாபமா? கேமரன் ஆண்டர்சன் குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களாக இருந்தபோதே பலருடைய குணத்தை அளந்து வைத்து, சுமார் 14 ஆண்டுகள் கழித்து அவர்கள் வேலையில் எவ்வளவு செல்வாக்கோடு இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். சுயநலமும் சண்டைக்குணமும் உள்ளவர்கள் மற்றவர்களைவிட மேலே போயிருக்கவில்லை. அடித்துப் பேசிச் சம்பாதித்த லாபத்தை, உறவுகளைக் கெடுத்துக்கொண்டதில் வந்த நஷ்டம் சாப்பிட்டுவிட்டது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: நல்லவர்கள் பணத்தில் பின்தங்குவது கனிவாக இருப்பதால் கிடையாது, தனக்கு வேண்டியதை வாய் திறந்து கேட்காமல் இருப்பதால். அதனால் கீழே ஏழாவது படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள், மற்ற எல்லாப் படிகளுக்கும் அதுதான் காவல்.

படி 1: ஒரு வாரம் உங்களையே கவனியுங்கள்

எதையும் மாற்றாதீர்கள், கவனிக்க மட்டும் செய்யுங்கள். மேலதிகாரியிடம் பேசும் குரலுக்கும், புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளரிடம் பேசும் குரலுக்கும் எவ்வளவு தூரம்? காவலாளி வணக்கம் சொன்னால் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்கிறீர்களா, அல்லது போனைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகிறீர்களா? அவசரமான நாளில் நீங்கள் அனுப்பிய மெசேஜ்களை மறுநாள் காலையில் எடுத்துப் படித்துப் பாருங்கள், அவற்றை உங்களுக்கு யாராவது அனுப்பியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

நமக்கு எந்த விதத்திலும் பயன்படாத ஆளிடம் நாம் நடந்துகொள்ளும் விதம்தான் நம்முடைய உண்மையான அளவு. நேர்காணலுக்கு வந்தவர் வரவேற்பில் இருந்தவரிடம் எப்படிப் பேசினார் என்று பிறகு விசாரிக்கும் மேலாளர்கள் உண்டு. நான் ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தால் நானும் கட்டாயம் விசாரிப்பேன்.

படி 2: பெயரும் வணக்கமும்

ஒருவருடைய பெயரைச் சரியாக உச்சரியுங்கள், சரியாக எழுதுங்கள். தெரியவில்லையா, "உங்க பெயரை எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. வயதில் சின்னவர், பதவியில் கீழே இருப்பவர் என்பதற்காக முதல் நாளே ஒருமையில் இறங்காதீர்கள். அவர்களாக "என்னை வா போன்னே பேசுங்க" என்று சொன்னால் அது வேறு.

படி 3: அடுத்தவர் நேரத்தில் கை வைக்காதீர்கள்

இங்கேதான் நல்ல மனிதர்கள்கூட நிறைய தவறுகிறார்கள். பேச்சில் அவ்வளவு இனிமையாக இருப்பார்கள், ஆனால் எந்தக் கூட்டத்துக்கும் தாமதமாக வருவார்கள். எட்டுப் பேர் கூடும் இடத்துக்கு ஒருவர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் ஏழு பேருடைய பத்துப் பத்து நிமிடம், அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல், போய்விட்டது. எவ்வளவு இனிமையாக மன்னிப்புக் கேட்டாலும் அது திரும்பி வராது. தாமதமாகப்போகிறது என்று தெரிந்த நொடியிலேயே சொல்லிவிடுங்கள்: "பத்து நிமிஷம் ஆகும், நீங்க ஆரம்பிச்சிடுங்க."

மெசேஜ் விஷயம் இதைவிடப் பெரியது. "ஹாய்" என்று மட்டும் அனுப்பிவிட்டு எதிராளி பதில் போடும் வரை காத்திருப்பது மரியாதை போலத் தோன்றும், உண்மையில் அது அவரைத் தொங்கலில் விடுவது. வணக்கத்தோடு சேர்த்து விஷயத்தையும் அதே மெசேஜில் எழுதுங்கள். என்ன வேண்டும், எதற்காக, எப்போதைக்குள், இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். "அந்த ரிப்போர்ட் என்னாச்சு?" என்று கேட்பதற்குப் பதிலாக, "வணக்கம், மார்ச் மாத விற்பனை ரிப்போர்ட்டில் மூன்றாவது பக்க எண்கள் மட்டும் எனக்கு வேண்டும், நாளை மதியம் வாடிக்கையாளரிடம் பேசும்போது தேவைப்படும், காலைக்குள் முடியுமா?" என்று எழுதினால், படிப்பவர் உங்களிடம் ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை. ரொம்ப நேரமாக உழைத்து எழுதிய மெயிலைவிடப் படிப்பவருக்கு ஒரு நிமிடத்தில் புரிகிற மெயில்தான் மரியாதையான மெயில்.

இரவில் யோசனை வந்தால் எழுதி வையுங்கள், காலையில் போகும்படி நேரம் வைத்து அனுப்புங்கள். குறிப்பாக நீங்கள் மேலாளராக இருந்தால். "இப்போ பதில் வேண்டாம், சும்மா அனுப்பி வைக்கிறேன்" என்று நீங்கள் எழுதினாலும், கீழே இருப்பவருக்கு அன்றைய தூக்கம் போய்விடும்.

உங்களிடம் யாராவது ஏதாவது கேட்டால், பதில் தெரியாவிட்டாலும் "பார்த்தேன், வியாழக்கிழமைக்குள் சொல்கிறேன்" என்று ஒரு வரி போடுங்கள். அப்புறம் வியாழக்கிழமை உண்மையிலேயே சொல்லுங்கள். சொன்ன நாளில் சொன்னதைச் செய்கிறவர் என்ற பெயர் வந்துவிட்டால், உங்களுக்குப் பின்னால் நாலு முறை ஞாபகப்படுத்த வேண்டிய வேலை யாருக்கும் இல்லை, அந்த நிம்மதிக்காகவே உங்களைத் தேடி நல்ல வேலைகள் வரும்.

படி 4: பேச விடுங்கள், கேளுங்கள்

2010-ல் அனிதா வில்லியம்ஸ் வூலியும் கூட்டாளிகளும் 699 பேரைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்துப் பல வேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். எந்தக் குழுவில் பெரிய அறிவாளி இருக்கிறார் என்பதோ, குழுவின் சராசரி அறிவு எவ்வளவு என்பதோ வெற்றியோடு பெரிதாக ஒட்டவில்லை. அடுத்தவர் முகத்தைப் பார்த்தே அவருடைய மனநிலையைப் புரிந்துகொள்வதும், எல்லாரும் ஏறக்குறைய சமமாகப் பேசுவதும்தான் அதைவிட அதிகம் ஒட்டின. சிலரே பேசிக்கொண்டிருந்த குழுக்கள் பின்தங்கின.

ஆகவே பாதியில் குறுக்கே பாயாதீர்கள். இன்னொருவர் பேச்சை யாராவது வெட்டினால், "ஒரு நிமிஷம், அவங்க சொல்ல வந்ததை முடிக்கட்டும்" என்று நீங்கள் சொல்லுங்கள். இதைச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு, அதனால் செய்தவரை யாரும் மறப்பதில்லை. கூட்டத்தில் வாயே திறக்காதவர் இருந்தால், அவருக்குத் தெரிந்த விஷயம் வரும்போது பெயர் சொல்லி அழையுங்கள். தெரியாத விஷயத்தில் இழுத்துவிட்டால் அது உதவி இல்லை, சங்கடம்.

படி 5: நன்றியை முழுதாகச் சொல்லுங்கள்

வெறும் "நன்றி" யாருக்கும் ஞாபகம் இருக்காது. எதற்கு நன்றி, அதனால் என்ன நடந்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள்: "நேற்று நீங்க அந்தக் கணக்கைத் திரும்பச் சரிபார்த்ததாலதான் தப்பான விலை வாடிக்கையாளர்கிட்ட போகாம தப்பிச்சோம், ரொம்ப நன்றி." அடுத்து, அதையே அவருடைய மேலாளரையும் சேர்த்து ஒரு மெயிலாக எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை. சம்பள உயர்வுப் பேச்சு வரும் நேரத்தில் அவர் கையில் எடுத்துக் காட்ட ஒரு சான்று ஆகிவிடும்.

இப்படி எழுதினால் செயற்கையாக இருக்குமோ என்று கூச்சப்படுகிறீர்களா? அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் நன்றிக் கடிதம் எழுதியவர்களை, படிப்பவருக்கு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னார்கள். எழுதியவர்கள் எதிராளியின் சங்கடத்தை அதிகமாகவும் மகிழ்ச்சியைக் குறைவாகவும் ஊகித்திருந்தார்கள். கூச்சம் நம் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

இதோடு ஒட்டியது, பேர் கொடுப்பது. நீங்கள் வழங்கும் வேலையில் இன்னொருவரின் யோசனை இருந்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள், அவர் அந்த அறையில் இல்லாதபோது கட்டாயம் சொல்லுங்கள். அடுத்தவர் உழைப்பைத் தன் பெயரில் காட்டியவரோடு இரண்டாவது முறை யாரும் மனம் திறந்து வேலை செய்ய மாட்டார்கள்.

படி 6: குறை சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்

கனிவு என்றால் குறையே சொல்லாமல் இருப்பது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவருடைய வேலையில் பிழை இருப்பது தெரிந்தும் முகத்துக்காகச் சொல்லாமல் விட்டு, ஆண்டு இறுதி மதிப்பீட்டில் மொத்தமாகக் கொட்டுவது போல் கொடுமை வேறில்லை. அவருக்குத் திருத்திக்கொள்ள இருந்த எல்லா வாய்ப்பையும் நாம் பறித்துவிட்டோம்.

ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பதில் உயிரே இருக்கிறது, சில வேலைகளில் அது நேரடியான பொருளிலேயே உண்மை. இஸ்ரேலில் அரியே ரிஸ்கின் குழு நடத்தி 2015-ல் வெளியான ஒரு சோதனையில், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 மருத்துவக் குழுக்களுக்குப் பயிற்சிக்காக ஒரு நோயாளியின் நிலையைக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வந்த நிபுணர் என்று சொல்லப்பட்ட ஒருவர் சில குழுக்களிடம் அவர்களுடைய நாட்டின் மருத்துவத் தரத்தை மட்டமாகப் பேசினார். அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் மற்றக் குழுக்களைவிட மோசமாகச் செய்தன. தகவலை ஒருவருக்கொருவர் பகிர்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனதுதான் இதற்குப் பெரிய காரணம். கத்தல் இல்லை, மிரட்டல் இல்லை, இகழ்ச்சியான சில பேச்சுக்கே இவ்வளவு.

குறை சொல்லும்போது நான் நம்புகிற ஒழுங்கு இது. தனியாகச் சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள், ஆனால் கோபம் தலைக்கேறியிருக்கும்போது வேண்டாம், முகம் கழுவிவிட்டு வந்து சொல்லலாம். ஆளைப் பற்றிப் பேசாமல் நடந்ததைப் பற்றிப் பேசுங்கள். "உங்களுக்குப் பொறுப்பே இல்ல" என்பதில் அவர் திருத்திக்கொள்ள எதுவும் இல்லை. "இந்த வாரம் ரெண்டு முறை கோப்பு சொன்ன நேரத்துக்கு வரல, அதனால அச்சுக்குப் போறது ஒரு நாள் தள்ளிப்போச்சு. எங்க சிக்கல்?" என்று கேட்டால் இருக்கிறது. கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அவர் சொல்லப்போகும் காரணம் நீங்கள் நினைத்தது இல்லாமல் இருக்கலாம், வேறு ஒருவர் தாமதமாகக் கொடுத்திருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். கடைசியில் அடுத்து என்ன செய்வது என்று இருவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டு எழுந்திருங்கள்.

கடினமான விஷயத்தை மெசேஜில் எழுதாதீர்கள். எழுத்துக்கு முகபாவம் கிடையாது, நீங்கள் சாதாரணமாக எழுதிய ஒரு வரியை அவர் பத்து முறை படித்துப் பத்து விதமாக எடுத்துக்கொள்வார். அதேபோல, நாலு குறையை நடுவில் செருக முன்னும் பின்னும் இரண்டு பாராட்டு ஒட்டும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. கேட்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும், அதற்குப் பிறகு நீங்கள் உண்மையாகப் பாராட்டும்போதும் "அடுத்து என்ன வரப்போகுதோ" என்றுதான் காத்திருப்பார்.

படி 7: முடியாது என்பதையும், எனக்கு வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்

எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறவர் கடைசியில் பாதி வேலையைத் தாமதமாகவும் மீதியை அரைகுறையாகவும் முடிப்பார், அது யாருக்கும் கனிவு இல்லை. ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லும் மறுப்பு அடுத்தவருக்கு வேறு வழி தேட நேரம் கொடுக்கிறது. "இந்த வாரம் என்னால முடியாதுங்க, கையில ஏற்கெனவே ரெண்டு வேலை வெள்ளிக்கிழமை முடியணும். திங்கட்கிழமைன்னா நான் எடுத்துக்கறேன், இல்ல இப்பவே வேணும்னா பழைய மாதிரிக் கோப்பை அனுப்பறேன், அதிலிருந்து ஆரம்பிக்கலாம்." காரணம் ஒரு வரி போதும், நீளமான சமாதானம் சொல்லச் சொல்ல மறுப்பு பலவீனமாகிவிடும்.

மேலதிகாரி கேட்கும்போது நேராக முடியாது என்பது கஷ்டம். அங்கே முடிவை அவரிடமே கொடுத்துவிடுங்கள்: "செய்யறேன் சார். இப்ப கையில இருக்கிற ரெண்டுல எதைத் தள்ளி வைக்கலாம்னு நீங்க சொல்லுங்க."

அப்புறம் சம்பளம். மரியாதையாகக் கேட்பது என்றால் தயங்கித் தயங்கிக் கேட்பது என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஒரு ஆண்டில் செய்த வேலைகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு குறிப்பிட்ட தொகையைச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். குரலை உயர்த்த வேண்டாம், "வேற இடத்துல கூப்பிடறாங்க" என்று பயமுறுத்தவும் வேண்டாம். கிடைக்காவிட்டால், "அடுத்த முறை கிடைக்க நான் எதைச் செய்திருக்கணும், எப்ப திரும்பப் பேசலாம்?" என்று கேட்டு, அந்தப் பதிலை அன்றே மெயிலில் எழுதி அனுப்பி வைத்துவிடுங்கள். இனிமையான ஆள் என்று பெயர் எடுத்தவர் இவ்வளவு தெளிவாகக் கேட்கும்போது அதற்குத் தனி எடை உண்டு.

படி 8: மன்னிப்பு

சுருக்கமாக இருக்கட்டும். என்ன செய்தேன், அதனால் உங்களுக்கு என்ன ஆனது, இப்போது என்ன செய்து சரிசெய்கிறேன். "உங்க மனசு புண்பட்டிருந்தா" என்ற இழுவை வேண்டாம், புண்பட்டதால்தானே பேசிக்கொண்டிருக்கிறோம். தவறு நாலு பேர் முன்னால் நடந்திருந்தால் மன்னிப்பையும் அவர்கள் முன்னாலேயே கேளுங்கள்.

படி 9: உங்களை மரியாதையில்லாமல் நடத்தினால்

கனிவானவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், பொறுத்துப் போவதே பண்பு என்று நினைத்துவிடுகிறார்கள். முதல் முறை என்றால் தனியே சொல்லிப் பாருங்கள்: "கூட்டத்துல நீங்க அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்தது. என் வேலையில குறை இருந்தா தனியா சொல்லுங்க, கட்டாயம் கேட்டுக்கறேன்." பலர் இதிலேயே திருந்திவிடுவார்கள், தாங்கள் அப்படிப் பேசியதே சிலருக்குத் தெரிந்திருக்காது. தொடர்ந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர்கள் என்று அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். மேலாளரிடமோ மனிதவளத் துறையிடமோ போகும்போது "அவர் எப்பவும் இப்படித்தான்" என்ற புகாருக்கு எடை கிடையாது, தேதியோடு எழுதிய நாலு நிகழ்வுக்கு உண்டு. பாலியல் சீண்டல், சாதி, மதம், நிறம், உடல் பற்றிய இழிவு இவற்றில் முதல் முறைக்கே பொறுமை தேவையில்லை, தனியே பேசிப் பார்க்க வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை, நேராகப் புகார் கொடுங்கள். எந்தப் புகாரும் எடுபடாத இடம் என்றால் வேறு வேலை தேடுங்கள். அந்த இடத்தை உங்கள் நல்ல குணத்தால் திருத்திவிடலாம் என்று ஆண்டுகளைச் செலவழிக்காதீர்கள்.

படி 10: வேலை தேடும்போதும் விட்டுப் போகும்போதும்

மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் சுமார் 17% பேர்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் சுமார் 56%, அபூர்வமாகப் பார்ப்பவர் மூலம் சுமார் 28%. நெருங்கிய நண்பர்களுக்கு நம்மைப் பற்றி எல்லாம் தெரியும். பழைய சக ஊழியருக்கும், ஒரு முறை சேர்ந்து வேலை செய்த வேறு பிரிவுக்காரருக்கும் தெரிந்தது நாம் அவர்களிடம் நடந்துகொண்ட விதம் மட்டும்தான், அதை வைத்துத்தான் அவர்கள் நம் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள்.

எனவே நேர்காணல் முடிந்த அன்றே நேரம் ஒதுக்கியதற்கு நாலு வரி நன்றி அனுப்புங்கள். அதில் நீங்கள் பேசிய ஏதாவது ஒரு குறிப்பிட்ட விஷயம் வரட்டும். வேலை கிடைக்காவிட்டாலும் பதில் போடுங்கள், முதலில் தேர்வானவர் கடைசி நேரத்தில் பின்வாங்குவது அபூர்வமான விஷயம் இல்லை. உங்களுக்கு யாராவது பரிந்துரை செய்திருந்தால் முடிவு எதுவானாலும் அவரிடம் சொல்லுங்கள். காரியம் ஆனதும் காணாமல் போகிறவருக்கு இரண்டாவது பரிந்துரை கிடைக்காது. நீங்கள் ஆள் எடுக்கிறவராக இருந்தால், தேர்வாகாதவர்களுக்கும் ஒரு பதில் அனுப்புங்கள். வாரக்கணக்கில் மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த இரண்டு வரி பெரிய விடுதலை.

வேலையை விடும்போது முதலில் மேலாளரிடம் நேரில் சொல்லுங்கள், அவர் வேறு யார் வாயிலிருந்தோ கேள்விப்படக் கூடாது. முன்னறிவிப்புக் காலம் முழுவதும் ஒழுங்காக வேலை செய்யுங்கள். உங்கள் இடத்துக்கு வரப்போகிறவர் யாரென்றே தெரியாவிட்டாலும் அவருக்காக ஒரு கோப்பு எழுதி வையுங்கள்: எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது, எது எங்கே இருக்கிறது, எந்த வாடிக்கையாளரிடம் எதைக் கவனமாகப் பேச வேண்டும், வழக்கமாக எங்கே சிக்கல் வரும், அதற்கு யாரைக் கேட்க வேண்டும். கடைசியில் உங்கள் தொலைபேசி எண்ணையும் போட்டு, முதல் மாதத்தில் சந்தேகம் வந்தால் கூப்பிடலாம் என்று எழுதுங்கள், கூப்பிட்டால் எடுத்துப் பேசுங்கள்.